கட்டுச்சோறு வேண்டாத பயணிகள்

மே, ஜூன் மாதங்களில் மயிலாப்பூர் மாட வீதிகள் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் லாரி நிற்பதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம். பீரோ ஏறும், ஃப்ரிட்ஜ் ஏறும், துளசித் தொட்டியை யாராவது மடியில் வைத்துக்கொள்வார்கள். எல்லாம் ஏறிய பிறகும் ஹாலின் மூலையில் ஒன்று மிச்சமிருக்கும். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் நாலு கோல்டு ஃபிஷ்.

"இதை என்ன பண்றது?" என்ற கேள்வி பெரும்பாலும் அப்போதுதான் எழும். "கபாலி கோயில் குளத்துல விட்டுடலாம், புண்ணியம்" என்பார் பாட்டி. "வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடலாம்" என்பார் அப்பா. "வழியில செத்துப்போச்சுன்னா கொழந்த அழுமே" என்று அம்மா கவலைப்படுவார். குழந்தை மட்டும், "நம்ம கூடவே வரட்டும்மா" என்று தொட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

குழந்தை கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோவையும் மதுரையும் ஒரு மீனுக்குத் தூரமே இல்லை. சென்னையில் வளரும் வண்ண மீன்கள் இந்தியாவின் பல மூலைகளுக்கு ரயிலிலும் விமானத்திலும் போய்ச் சேருகின்றன. உயிரோடு, நிறம் மங்காமல். அது எப்படி முடிகிறது என்று பார்க்க, மயிலாப்பூர் குளக்கரையில் தொடங்கி அடையாறு முகத்துவாரம் வரை ஒரு சுற்று போய் வரலாம்.

குளத்தில் விட்டால் புண்ணியமா?

கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் படியில் நின்று ஒரு பிடி பொரியைத் தூவினால் போதும், தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் மேலே வரும். குழந்தைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. அத்தனை மீன்கள் வாழும் இடத்தில் வீட்டு மீனும் வாழ்ந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் தொட்டியில் வளர்ந்த கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேட்டையும் தெரியாது, ஒளியவும் தெரியாது. ஆரஞ்சு நிற உடம்பு நீர்க்காகத்தின் கண்ணில் முதலில் படும். தப்பிப் பிழைத்தாலும் சிக்கல்தான். தொட்டியிலிருந்த நோய்க்கிருமிகளைக் குளத்து மீன்களுக்குக் கொடுத்துவிடும். குளத்துக்குப் பழகிப் பெருகும் வகையாக இருந்தால் அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களின் சாப்பாட்டுக்குப் பங்கு கேட்கும்.

இதற்குச் சாட்சி சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மீன்தான். ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியாவின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ம் ஆண்டு உணவுக்காக இந்தியாவுக்கு உயிரோடு கொண்டுவரப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் ஏரி, குளம், ஆறு என்று அது இல்லாத நீர்நிலையைத் தேட வேண்டியிருக்கிறது. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து வடிந்தபோது, தென் அமெரிக்காவின் அராபைமா, வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் போன்ற ராட்சத மீன்கள் அங்குள்ள ஆறுகளில் வலையில் சிக்கின. வளர்ப்பவர்களின் தொட்டிகளிலும் குளங்களிலும் இருந்து தப்பியவை அவை.

ஆகவே குளத்தில் விடுவது புண்ணியக் கணக்கில் சேராது. கூடவே கூட்டிப்போவதுதான் வழி என்றால், அதை முன்னோர்கள் எப்படிச் செய்தார்கள்?

ஆட்டிக்கொண்டே வந்த பானைகள்

மயிலாப்பூரிலிருந்து கொஞ்சம் கிழக்கே நடந்தால் கடல். மெரினா கடற்கரையில் 1909-ம் ஆண்டு ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவானது அது. இன்று அந்தக் கட்டடம் இல்லை. எதிரே கடல் இருந்ததால் அங்கே மீன் கொண்டுவருவது பெரிய பாடாக இருந்திருக்காது. தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால்தான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பிறகு இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதியவர். 1860-களில் இங்கிலாந்தின் டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் வாழவைக்க அவர் முயன்றார். பல வாரக் கப்பல் பயணம், வெப்பமண்டல வெயில், அதற்குப் பிறகு மலை ஏற வேண்டும். அவர் முயற்சி பலிக்கவில்லை. நீலகிரியில் டிரவுட் நிலைபெற அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டு மீன் வியாபாரிகள் வேறு வழி வைத்திருந்தார்கள். வங்காளத்தில் ஆற்றிலிருந்து பிடித்த கெண்டைக் குஞ்சுகளை மண்பானைகளில் நிரப்பி ரயிலில் ஏற்றுவார்கள். கூடவே ஆட்களும் ஏறுவார்கள். வழி நெடுகப் பானையை ஆட்டிக்கொண்டே வருவதுதான் அவர்கள் வேலை. தண்ணீர் அலம்பினால்தான் காற்று கலக்கும், காற்று கலந்தால்தான் குஞ்சு பிழைக்கும். பானையில் மண் கசிவதால் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். ஆட்டுகிறவர் தூங்கிவிட்டால் மொத்தச் சரக்கும் போச்சு.

பிளாஸ்டிக் பையும் ஆக்சிஜன் சிலிண்டரும் வந்த பிறகு அந்தக் கண்விழிப்பு தேவையில்லாமல் போனது.

சாந்தோமில் ஒரு மீன் நிலையம்

மெரினாவை விட்டுத் தெற்கே வந்தால் சாந்தோம் நெடுஞ்சாலை. தேவாலயத்தைத் தாண்டிப் பட்டினப்பாக்கம், எம்.ஆர்.சி. நகர் பக்கம் போகும்போது ஒரு மத்திய அரசு வளாகத்தைப் பலர் கவனிக்காமலே கடந்திருப்பார்கள். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக 'சிபா'. 1987-ல் தொடங்கப்பட்டது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்தில் வாழும் மீன், இறால் வகைகள்தான் இதன் பாடம். அடையாறு முகத்துவாரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நிறுவனம் அமைந்திருப்பது பொருத்தம்தான்.

இதன் பரிசோதனை நிலையம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. கொடுவா மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கவைத்து 1990-களில் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். வெள்ளி நிலா போலத் தட்டையாக மின்னும் சில்வர் மூனி போன்ற உவர்நீர் வண்ண மீன்களையும் இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள்.

குஞ்சு பொரித்தால் மட்டும் போதாது. அது விவசாயியின் குளத்துக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டு மீனோ வண்ண மீனோ, குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து கிளம்பினாலும் பயண விதிகள் ஒன்றுதான். ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் தண்ணீர், நிறைய ஆக்சிஜன், காலி வயிறு.

இந்த நான்கையும் கையாலேயே அளந்து பழகியவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மீன் பிரியர்கள் எல்லோரும் எங்கே போவார்களோ, அங்கேதான் போக வேண்டும்.

கொளத்தூரின் காலை

அண்ணா நகர், வில்லிவாக்கம் தாண்டி, ரெட்டேரி சந்திப்புக்குப் பக்கத்தில் கொளத்தூர். வட சென்னையின் இந்தப் பகுதிக்கு வண்ண மீன்தான் அடையாளம். தெருத் தெருவாகக் கடைகள். சுற்றுவட்டாரத்திலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் சிமென்ட் தொட்டிகளில் மீன் வளர்ப்பவர்கள் தங்கள் சரக்கை இங்கேதான் கொண்டுவருகிறார்கள். இந்தத் தொழிலுக்கென்றே வில்லிவாக்கத்தில் ஒரு வர்த்தக மையம் அமைக்க அரசும் முன்வந்தது.

மொத்த வியாபாரம் வெயில் ஏறுவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். காரணம் சுறுசுறுப்பு மட்டும் இல்லை. மீன் பயணத்துக்கு வெயில்தான் முதல் எதிரி.

பை கட்டும் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகள். அடிப்பக்க மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் குட்டி மீன்கள் அந்த இடுக்கில் போய்ச் சிக்கி நசுங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மீன்களை அதில் விட்டு, பையில் இருக்கும் சாதாரணக் காற்றை அமுக்கி வெளியேற்றுகிறார்கள். பிறகு சிலிண்டர் குழாயை உள்ளே விட்டதும் பை புஸ்ஸென்று உப்புகிறது. வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு, விரலால் ஒரு சுண்டு. தவில்போலச் சத்தம் வந்தால் சரி.

தண்ணீரில் வாழும் உயிருக்குத் தண்ணீர் குறைவாகவும் காற்று அதிகமாகவும் வைப்பது ஏன்? கணக்குப் பார்த்தால் புரியும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் சாதாரணக் காற்றில் சுமார் 275 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு லிட்டர் சுத்த ஆக்சிஜன் என்றால் சுமார் 1,300 மில்லிகிராம். மீன் சுவாசிக்கச் சுவாசிக்க மேலே இருக்கும் ஆக்சிஜன் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மீனுக்குப் படுக்கை, மூச்சுக்கான கையிருப்பு மேலே இருக்கிறது. 'பாவம், இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க' என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கினால் அந்தக் கையிருப்பைத்தான் குறைக்கிறோம்.

எல்லா மீனுக்கும் ஒரே பை முறை ஆகாது. ஃபைட்டர் மீன் தண்ணீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கும் வகை. அதற்குச் சின்னப் பையும் கொஞ்சம் தண்ணீரும் சாதாரணக் காற்றும் போதும். ஆனால் பைக்கு ஒன்றுதான், இரண்டு போட்டால் சண்டையில் ஒன்று போய்விடும். டேங்க் கிளீனர் என்று நாம் சொல்லும் சக்கர் மீனின் முள் பையைக் குத்திவிடும் என்பதால், இரண்டு பைகளுக்கு நடுவே செய்தித்தாள் சுற்றுவார்கள். கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம் போடும், அதனால் ஒரு பையில் எண்ணிக்கை குறைவு. குட்டி போடும் நிலையில் இருக்கும் கப்பி, மோலி மீன்களை அனுப்பாமல் நிறுத்திவைப்பதே நல்லது.

பசிக்காதா அங்கிள்?

இப்படி ஒரு பேச்சைக் கேட்காத வண்ண மீன் கடை இருக்காது.

"அங்கிள், ஊருக்குப் போறோம். மீனையும் எடுத்துட்டுப் போறோம். வழியில பசிக்கக்கூடாதுன்னு காலைல நிறைய தீனி போட்டுட்டேன்."

"அய்யய்யோ, அதைத்தான் பண்ணக்கூடாது கண்ணு. ரெண்டு நாள் பட்டினி போட்டுக் கூட்டிட்டுப் போகணும்."

"பாவம் இல்லையா?"

"தீனி போட்டாத்தான் பாவம்."

ரயில் ஏறுகிறோம் என்றால் முதல் நாள் ராத்திரியே புளி கரைத்துவைக்கும் ஊர் இது. புளியோதரை, இட்லிக்கு மிளகாய்ப்பொடி, தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய். பயணம் போகிறவர்களின் வயிற்றை நிரப்பி அனுப்புவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. அந்த அன்பே மீனுக்கு எமனாகிவிடும்.

மீன் சாப்பிட்டது செரித்த பிறகு அதன் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. ஏரியில் அது கரைந்து போய்விடும். வீட்டுத் தொட்டியில் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை மாற்றிவிடும். பைக்குள் ஏரியும் இல்லை, ஃபில்டரும் இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் தன் கழிவிலேயே மீன் மணிக்கணக்கில் நீந்த வேண்டும். நீண்ட பயணத்தில் பல மீன்கள் சாவதற்கு மூச்சு முட்டுவதைவிட இந்த விஷமே காரணமாக இருக்கும்.

ஆரோக்கியமான வளர்ந்த மீன் பல நாட்கள் சாப்பிடாமல் இருக்கும். அதன் உடல் நம் உடல் மாதிரி சூடாக வைத்துக்கொள்ள வேண்டிய உடல் இல்லை, செலவு குறைவு. கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரமாவது தீனி போடக்கூடாது. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் மாதிரி பெரிய மீன்களுக்கு 48 மணி நேரம். மிகச் சின்னக் குஞ்சுகளுக்கு மட்டும் இவ்வளவு நீண்ட பட்டினி வேண்டாம். கடைசி நேரத்தில் மீன் மேலே வந்து வாய் திறந்து கெஞ்சுவதுபோல் பார்க்கும். அப்போது மனசைக் கல்லாக்கிக்கொள்வதுதான் அதற்குச் செய்யும் பெரிய உபகாரம்.

வெயிலும் வெளிச்சமும்

வயிற்றுக்கு அடுத்து வெப்பம். தண்ணீரின் சூடு 10 டிகிரி ஏறினால் மீனின் உடல் இயக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மூச்சும் அதிகம், கழிவும் அதிகம். சூடான தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் பிடித்துவைக்கும். போதாக்குறைக்கு அம்மோனியாவின் விஷமும் சூட்டில் கூடும். சித்திரை வெயிலில் பாண்டி பஜாரில் காரை நிறுத்திவிட்டு, மீன் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, 'அஞ்சு நிமிஷத்துல புடவை எடுத்துட்டு வந்துடறேன்' என்று கடைக்குள் நுழைபவர்கள் திரும்பி வரும்போது பைக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் வியாபாரிகள் தெர்மாகோல் பெட்டியை நம்புகிறார்கள். வெளிச் சூட்டை உள்ளே விடாது. உள்ளே இருட்டாகவும் இருக்கும். இருட்டில் மீன் அலையாது, மிரளாது. கோடையில் பெட்டிக்குள் ஐஸ் வைப்பதும் உண்டு. ஐஸ் நேராகப் பையில் படக்கூடாது, துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி ஓரமாக வைப்பார்கள். திடீர்க் குளிரும் மீனுக்குத் தண்டனைதான்.

தெற்கே போகும் பெட்டிகள் ரயிலிலும் ஆம்னி பஸ்களிலும் ஏறும். தொலைதூரம் போகும் பெட்டிகள் விமான நிலையத்துக்குப் போகும். அது இருக்கும் மீனம்பாக்கத்தின் பெயரிலேயே மீன் இருப்பது வேடிக்கையான பொருத்தம். உயிருள்ள பிராணிகளை விமானத்தில் அனுப்ப ஐ.ஏ.டி.ஏ. என்ற சர்வதேச அமைப்பின் விதிகள் இருக்கின்றன. பெட்டிக்குள் உயிருள்ள மீன் இருக்கிறது, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதெல்லாம் வெளியே தெளிவாகத் தெரிய வேண்டும். விமானம் உயரே போனால் காற்றழுத்தம் குறைந்து பை இன்னும் உப்பும். அதனால் வானில் போகும் பைகளில் ஆக்சிஜனைக் கொஞ்சம் தளர்வாகவே நிரப்புவார்கள். தவில் சத்தம் தரைப் பயணத்துக்குத்தான்.

தி.நகரிலிருந்து கோவைக்கு

இனி அந்த லாரிக்கு வரலாம். தி.நகர் அடுக்குமாடி ஒன்றிலிருந்து கோவைக்கு வீடு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 500 கிலோமீட்டர். காரில் ஒன்பது, பத்து மணி நேரம்.

முதல் விஷயம், தொட்டியைத் தண்ணீரோடு தூக்கவே கூடாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். அதாவது 55 கிலோ. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் தொட்டியைச் சுத்தமாக வைக்க வேண்டும். கடைசி நாளில் மொத்தமாகக் கழுவினால் மீன் மிரண்டுபோகும். நோய் கண்ட மீன் பயணத்தைத் தாங்காது, அதை முதலில் குணப்படுத்த வேண்டும். கடைசி ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி.

கிளம்பும் நாளில் மற்ற எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு, மீனைக் கடைசியாகப் பிடிக்க வேண்டும். பக்கத்து மீன் கடையில் பேசிவைத்தால் ஆக்சிஜன் நிரப்பிக் கொடுப்பார்கள். அந்த வசதி இல்லாவிட்டால் மூடியுள்ள சுத்தமான பெரிய வாளியும் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்பும் போதும். வாளி சோப்பு படாததாக இருக்க வேண்டும். பையோ வாளியோ லாரியில் போகக்கூடாது. காரில் ஏ.சி. காற்று நேராக அடிக்காத இடத்தில், காலடியில், துணி போர்த்தி வைக்கலாம். வழியில் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். பஸ்ஸிலோ ரயிலிலோ பார்சலாக அனுப்புவதாக இருந்தால் எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

பலர் மறந்துபோகும் ஒன்று, ஃபில்டரின் பஞ்சு. அழுக்காக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் பிழிந்து, காயவைத்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பதே அந்தப் பஞ்சில்தான். காய்ந்தால் அவை செத்துவிடும். மீன் பிழைத்து வந்த பிறகு புதுத் தொட்டியில் ஒரு வாரத்தில் சாவதற்கு இது முக்கியக் காரணம். பழைய தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை நனைத்து, காற்று புகும்படி ஒரு டப்பாவில் கொண்டுபோக வேண்டும்.

கூடவே இரண்டு மூன்று கேன் பழைய தண்ணீர். சென்னையின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் நிறைந்தது. கோவையின் சிறுவாணித் தண்ணீரோ மென்மைக்குப் பெயர்போனது. நமக்கு அது அமிர்தம். சென்னைத் தண்ணீரில் வளர்ந்த மீனுக்குத் திடீர் மாற்றம். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து தொடங்கினால் அதிர்ச்சி குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்தை மீன் கடையில் வாங்கிக் கலந்துவிட வேண்டும்.

பையைத் திறக்கும் அந்த நிமிடம்

ஊர் வந்தாகிவிட்டது. பையில் மீன்கள் அசைகின்றன. இங்கேதான் கடைசிக் கண்டம்.

புது வீட்டில் முதலில் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, பழைய பஞ்சோடு ஃபில்டரை ஓடவிட வேண்டும். பிறகு பையை மூடியபடியே 15, 20 நிமிடங்கள் தொட்டியில் மிதக்கவிட்டால் இரண்டின் வெப்பமும் ஒன்றாகும். விளக்கு வேண்டாம்.

இதற்குப் பிறகு, பையைத் திறந்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பதுதான் மீனுக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது சரி. பத்து மணி நேரம், ஒரு நாள் என்று மூடியிருந்த பைக்கு அது ஆபத்து.

மூடிய பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கியிருக்கும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவு விஷமில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகத் தொடங்கும், அமிலத்தன்மை குறையும், அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷ வடிவத்துக்கு மாறும். பத்து மணி நேரம் தாங்கிய மீன், வீட்டுக்கு வந்து அரை மணியில் சாய்வது இதனால்தான்.

ஆகவே நீண்ட பயணம் என்றால் வெப்பம் ஒன்றானதும் பையை அறுத்து, மீனை மட்டும் வலையால் மெல்ல எடுத்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்றைக்கும் தீனி வேண்டாம்.

முகத்துவாரத்தில்

சுற்று முடிகிற இடம் அடையாறு. பெசன்ட் நகர் பக்கமிருந்து உடைந்த பாலத்தை நோக்கி மாலையில் நடந்தால் ஆறு கடலோடு சேரும் இடம் தெரியும். ஒரு பக்கம் தியாசாபிகல் சொசைட்டியின் மரங்கள், எதிர்க்கரையில் பட்டினப்பாக்கம். அலை ஏறும்போது கடல் மீன்கள் உள்ளே வரும், குஞ்சு பெருக்கும், திரும்பிப் போகும். பைகளுக்கும் சிலிண்டர்களுக்கும் முன்பிருந்தே இங்கே நடந்துவரும் பயணம் இது.

நகரம் எவ்வளவோ கழிவைக் கொட்டியும் இந்த ஆற்றில் உயிர் மிச்சமிருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலை வீசுபவர்களுக்கு இப்போது சக்கர் மீனும் சிக்குகிறது. தென் அமெரிக்க மீன். சின்னதாக இருக்கும்போது தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி, ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் 'எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்கோ' என்று யாரோ விட்டவை அதில் இருக்கும். அதன் தோல் கவசம்போலக் கடினமானது. வலையைக் கிழிக்கும், விலைக்கும் போகாது. மீனவர் அதைக் கரையில் வீசுவதோடு சரி. வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடமோ தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ கொடுப்பதுதான் நல்லது. தண்ணீரைக் கண்டதும் விட்டுவிடத் தோன்றும் கை, அங்கேதான் தயங்க வேண்டும்.

மயிலாப்பூர் வாசலில் நின்ற லாரி இதற்குள் கிளம்பியிருக்கும். பின்னால் வரும் காரில் குழந்தையின் காலடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. வழியில் எல்லோரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. "ஒரே ஒரு பருக்கைம்மா?" என்று குழந்தை கேட்கும். "கூடாதுடா தங்கம்" என்று அம்மா சொல்வார்.

மறுநாள் காலை, புது வீட்டு ஹாலில், புது வெளிச்சத்தில் நாலு கோல்டு ஃபிஷ்ஷும் கண்ணாடி ஓரம் வந்து வாய் திறக்கும். அப்போது ஒரு சிட்டிகை தீனி போடலாம்.